ஆர்எஃப்சி 1591: 7 பக்கத்தில் ஓர் அறங்காவலர்

ஆர்எஃப்சி 1591-ஐ மேற்கோள் காட்டுகிறவர்களில் பாதிப் பேர் அதை முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள் என்பது என் நெடுநாள் சந்தேகம். அப்படியொன்றும் பெரிய நூல் இல்லை. மொத்தமே 7 பக்கம்தான். காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். 1994 மார்ச்சில் ஜான் போஸ்டல் எழுதியது. டொமைன் பெயர்களின் உச்சியில் இருக்கும் .காம், .ஆர்க், .இன் போன்றவற்றை யாரிடம் ஒப்படைப்பது, ஒப்படைத்த பிறகு அவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லும் ஆவணம். இணையப் பெயர்களைப் பற்றிய சண்டை எதுவானாலும் இரண்டு தரப்பும் இதைத்தான் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். இரண்டு தரப்புக்கும் இதில் ஆதரவு கிடைத்துவிடுகிறது, அதுதான் வேடிக்கை. அது எப்படி என்று கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. நீங்கள் பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டினால், அந்தப் பெயருக்கான எண்ணைத் தேடி ஒரு பயணம் நடக்கிறது. டிஎன்எஸ் என்பது அதுதான். பயணத்தின் முதல் படியில் ரூட் சர்வர்கள் இருக்கின்றன. அவற்றில் இருப்பது ஒரு சின்னக் கோப்பு: .காம் பற்றிக் கேட்க வேண்டுமா, இந்த சர்வரிடம் போ; .இன் வேண்டுமா, அந்த சர்வரிடம் போ. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோப்பில் ஒரு வரியை மாற்றுகிறவர், ஒரு நாட்டின் மொத்தப் பெயர்களையும் ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாற்றிவிடலாம். 1994-ல் எந்த வரியில் யார் பெயர் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது ஐயானா. ஐயானா என்றால் பெரிய அலுவலகம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஓர் ஆய்வு நிலையத்தில் போஸ்டலும், அவரோடு சிலரும். அவர் எப்படி முடிவு செய்கிறார் என்பதை அவரே எழுதிவைத்ததுதான் 1591.

ஆர்எஃப்சி வரிசையில் எல்லாமே ‘தரநிலை’ அல்ல. இந்த ஆவணத்தின் தலையிலேயே இது தகவலுக்காக மட்டும், எந்தத் தரநிலையையும் வகுக்கவில்லை என்று போட்டிருக்கிறது. நடைமுறைக் குறிப்பாக எழுதப்பட்டதைப் பின்னால் வந்தவர்கள் அரசியல் சாசனமாக வாசிக்கத் தொடங்கினார்கள். குழப்பத்தில் பாதி இங்கேயே தொடங்கிவிடுகிறது.

இரண்டாம் பகுதி சலிப்பான பட்டியல்போலத் தெரியும், ஆனால் இன்று படிக்கச் சுவையானது. அப்போது இருந்த பொது டொமைன்கள் ஏழு. மற்றபடி நாடுகளின் இரண்டெழுத்துக் குறியீடுகள். இனிமேல் வேறு எதுவும் உருவாக்கப்படுவது மிகமிக அரிது என்கிறார் போஸ்டல். இன்று ரூட் கோப்பில் 1400-க்கும் மேல் இருக்கின்றன. 2012-ல் ஒரே சுற்றில் 1930 விண்ணப்பங்கள் வந்தன, ஒவ்வொன்றுக்கும் கட்டணம் 1,85,000 டாலர். .காம் ரொம்பப் பெருத்துவிட்டது, நிர்வாகச் சுமை தாங்காது, உட்பிரிவுகளாகப் பிரிக்கலாமா என்று யோசிக்கிறார்கள் என்றும் ஒரு வரி வருகிறது. அது நடக்கவில்லை. .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் என்று தமிழ் எழுத்திலேயே மேல்நிலைப் பெயர்கள் ரூட் கோப்பில் ஏறியபோது அந்தப் பட்டியலின் கட்டம் இன்னொரு பக்கமும் உடைந்தது. ஒரு நாட்டுக்கு ஒரு குறியீடு, அதுவும் ரோமன் எழுத்தில் இரண்டு, என்பதுதான் 1591-ன் உலகம். அவர் ஜோசியம் பலிக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்லவில்லை. எந்த அளவு உலகத்தைப் பார்த்து இந்தக் குறிப்பை எழுதினார் என்பது தெரிந்தால்தான் அடுத்த பகுதி புரியும்.

ஆவணத்தின் உயிர் மூன்றாம் பகுதியில் இருக்கிறது. ஒரு டொமைனை நிர்வகிப்பவர் அதற்கு உரிமையாளர் அல்ல, டிரஸ்டி. நாட்டுக் குறியீடு என்றால் இரண்டு பேருக்கு டிரஸ்டி: அந்த நாட்டுக்கும், உலக இணையச் சமூகத்துக்கும். உரிமை, சொந்தம் என்றெல்லாம் பேசுவது இங்கே பொருந்தாது; பொறுப்பு, சேவை என்று பேசுவதே பொருந்தும் என்கிறார். எல்லோருக்கும் ஒரே விதி. கல்வி நிறுவனம், வணிக நிறுவனம் என்ற பாகுபாடு கூடாது. என்னிடம் பெயர் வாங்கினால் என் மென்பொருளையும் வாங்கு என்று கட்டாயப்படுத்தக் கூடாது.

டிரஸ்டி என்பதற்கு நம்மிடம் நல்ல சொல் இருக்கிறது: அறங்காவலர். கோயில் நிலம் சாமி பெயரில் இருக்கும், அறங்காவலர் பெயரில் இருக்காது. அவர் பார்த்துக்கொள்கிறவர்தான். விற்க முடியாது, பங்கு போட முடியாது. போஸ்டல் சொல்வது கிட்டத்தட்ட அதேதான். சாமி இருக்கும் இடத்தில் அவர் சமூகத்தை வைக்கிறார். 1994-ல், வணிகம் இணையத்துக்குள் கதவைத் தள்ளிக்கொண்டு நுழையும் நேரத்தில், ஒரு பொறியாளர் இவ்வளவு தெளிவாக இதை எழுதியிருக்கிறார் என்பதை எத்தனை முறை பாராட்டினாலும் தகும். இந்தப் பகுதியை மிகவும் விரும்பிப் படிக்கிறவன் நான்.

ஆனால் ஒப்புமையை இன்னொரு அடி எடுத்துவைத்தால் ஓட்டை தெரிந்துவிடும். அறங்காவலர் தப்புச் செய்தால் கேட்க அறநிலையத் துறை இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. கோயில் சொத்து வழக்குகள் எத்தனை தலைமுறை நடக்கும் என்பது வேறு கதை. கேட்க ஓர் இடமாவது இருக்கிறது. 1591-ல் யார் கேட்பது? முக்கியமான அக்கறை உள்ள தரப்புகள், நிர்வாகி பொருத்தமானவர் என்று ஒத்துக்கொள்ள வேண்டும் என்கிறது. சண்டை வந்தால் அவர்களே பேசித் தீர்த்துக்கொள்ளட்டும் என்கிறது. எல்லோரும் ஒத்துக்கொள்ளும்வரை ஐயானா பொதுவாக எதையும் மாற்றாது. நிர்வாகி பெருமளவு தவறாக நடந்தால் மட்டும் தலையிடும். சரி, அக்கறை உள்ள தரப்பு யார்? அரசாங்கமா, பல்கலைக்கழகமா, பெயர் வாங்கியவர்களா? எது பெருமளவு தவறு? முடிவு தவறென்றால் முறையிட எங்கே போவது? முறையீட்டுக்கு ஒரு குழு அமைக்கப்படும் என்று ஒரு வரி இருக்கிறது. இன்று அப்படி ஒரு குழு இல்லை.

இதை எழுத்துப் பிழையாக நான் பார்க்கவில்லை. மற்ற இடங்களில் எல்லாம் போஸ்டல் துல்லியமாக எழுதுகிறவர். நிர்வாகத் தொடர்பாளர் அந்த நாட்டிலேயே வசிக்க வேண்டும், மாற்றம் என்றால் பழைய நிறுவனம், புதிய நிறுவனம் இரண்டிடமிருந்தும் தகவல் வர வேண்டும் என்றெல்லாம் கறாராகச் சொல்கிறவர், தீர்ப்பு சொல்லும் இடத்தில் மட்டும் வார்த்தையைத் தளர்த்துகிறார். அங்கே அவரே உட்கார்ந்திருந்தார் என்பதுதான் காரணம். ஊரில் நாட்டாமை இருக்கும்போது நாட்டாமையை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று யாரும் விதி எழுதி வைப்பதில்லை. (அதே 1994-ல்தான் நம்மூரில் அந்தப் பெயரில் படமும் வந்தது. தற்செயல்தான், ஆனால் எனக்குப் பிடித்த தற்செயல்.)

அந்த நாட்டாமைத்தனம் எவ்வளவு வலுவானது என்பது 1998 ஜனவரி 28 அன்று தெரிந்தது. ரூட் சர்வர் நடத்துநர்களில் 8 பேருக்கு போஸ்டல் ஒரு மின்னஞ்சல் அனுப்பினார்: ரூட் கோப்பை இனி நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனத்தின் சர்வரிலிருந்து எடுக்காதீர்கள், ஐயானாவின் சர்வரிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒப்பந்தம் இல்லை, உத்தரவு இல்லை, ‘ஜான் சொன்னார்’ என்பது போதுமானதாக இருந்தது. கிளின்டனின் ஆலோசகர் ஐரா மகசைனர் கொதித்துப்போய்க் கேட்டபோது அது ஒரு சோதனை என்று சொல்லிப் பழையபடி மாற்றிவிட்டார்கள். இரண்டே நாளில், ஜனவரி 30-ல், பெயர் நிர்வாகத்தைச் சீரமைக்கும் திட்ட அறிக்கையை அமெரிக்க அரசு வெளியிட்டது. செப்டம்பர் கடைசியில் ஐகேன் பதிவானது. அக்டோபர் 16-ல் போஸ்டல் இறந்தார். தன் வேலை ஒரு நிறுவனத்தின் கைக்குப் போவதன் தொடக்கத்தை மட்டுமே அவர் பார்த்தார்.

ஆக, எழுதியவரும் பொருள் சொல்பவரும் தீர்ப்பு சொல்பவரும் ஒரே ஆளாக இருந்த ஓர் ஆவணம், ஆளில்லாமல் தனியே நிற்க வேண்டிவந்தது. அதன் பிறகு நடந்தது தமிழ் படித்தவர்களுக்குப் பழக்கமான கதை: சூத்திரம் சின்னது, உரைகள் பெரியவை. 1999-ல் ஐகேன் ஒரு விளக்கம் எழுதியது. அரசாங்கங்களின் ஆலோசனைக் குழு தன் பங்குக்கு ஒரு கொள்கை ஆவணம் எழுதி, அரசாங்கத்துக்கு 1591 கொடுக்காத இடத்தை எடுத்துக்கொள்ளப் பார்த்தது. 2001-ல் ஜான் கிளென்சின் தனி ஆர்எஃப்சியாகவே ஒரு மறுவாசிப்பு எழுதினார். 1591-ல் போஸ்டல் பெயர் சொல்லி நன்றி தெரிவிக்கும் இரண்டு பேரில் அவர் ஒருவர். கடைசியில் நாட்டுக் குறியீட்டு நிர்வாகிகளின் அமைப்பு ஒரு பணிக்குழுவைப் போட்டு, சொல் சொல்லாக எடுத்துப் பொருள் வரையறுத்து, 2014-ல் முடித்தது. 7 பக்கத்துக்கு உரை எழுத மூன்று ஆண்டுக்கு மேல்!

அந்த 2014 உரையைப் பற்றி எனக்கு இரு மனம். நல்லது என்னவென்றால், நிர்வாகியின் சம்மதம் இல்லாமல் நைசாக இன்னொருவருக்கு மாற்றிக்கொடுப்பது 1591-ல் இல்லவே இல்லை என்று அது அடித்துச் சொல்கிறது. தவறு நிரூபணமானால் பறிக்கலாம், ஆனால் பறிப்பு என்று பெயர் சொல்லியே பறிக்க வேண்டும், முறையீட்டுக்கும் வழி வேண்டும். முந்தைய ஆண்டுகளில் ‘மறு ஒப்படைப்பு’ என்ற சாதுவான சொல்லுக்குள் இரண்டும் கலந்து கிடந்தன. அதைப் பிரித்தது பெரிய வேலை. பிடிக்காதது, உரை முழுக்க நிர்வாகியைப் பாதுகாப்பதிலேயே கண்ணாக இருப்பது. எழுதியவர்களில் பெரும்பாலோர் நிர்வாகிகளாக இருக்கும்போது அது இயல்புதான். அறங்காவலர்கள் கூடி அறங்காவலர் என்ற சொல்லுக்கு உரை எழுதினால் சாமி எத்தனை பக்கத்தில் வரும்?

நிர்வாகியின் பாதுகாப்பே முக்கியம் என்று வைத்துக்கொண்டால் ஈராக்கின் .ஐக்யூ கதையை என்ன செய்வது? அது டெக்சாஸில் இருந்த ஒரு சிறு நிறுவனத்தின் கையில் இருந்தது. அதை நடத்தியவர்கள் 2002 டிசம்பரில், தடை செய்யப்பட்ட நாடுகளுக்குக் கணினி ஏற்றுமதி செய்த வழக்கில் கைதானார்கள். ஈராக்கில் போர் நடந்தது, அரசு கவிழ்ந்தது, ஒரு நாட்டின் பெயர் யாருக்கும் பயனில்லாமல் கிடந்தது. 2005-ல்தான் ஈராக்கின் தகவல் தொடர்பு, ஊடக ஆணையத்துக்கு அது மாற்றப்பட்டது. 1591-ன் விதிகளை வரிசையாக இதில் பொருத்திப் பாருங்கள். பழைய நிர்வாகியும் புதிய நிர்வாகியும் மேசைக்கு இருபுறமும் உட்கார்ந்து பேசித் தீர்த்துக்கொள்ளும் காட்சியை மனதில் வைத்து எழுதப்பட்டவை அவை. ஒருவர் சிறையில், இன்னொருவருக்கு அரசாங்கமே புதிது என்ற நிலையை அவை எதிர்பார்க்கவில்லை.

அறங்காவலர் என்ற சொல்லுக்கு மிகப் பெரிய சோதனை .ஆர்க் விவகாரத்தில் வந்தது. முதலில் ஒரு சின்னத் திருத்தம்: .ஆர்க் தொடக்கத்திலிருந்தே தொண்டு நிறுவனங்களுக்கானது என்று பலரும் எழுதுகிறார்கள். 1591 அப்படிச் சொல்லவில்லை. வேறெங்கும் அடங்காத அமைப்புகளைப் போட ஒரு இதர பெட்டி, அரசு சாரா அமைப்புகள் சிலவும் இதில் அடங்கலாம், அவ்வளவே. அந்த இதர பெட்டிக்குள் கோடிக்கு மேல் பெயர்கள் சேர்ந்து, நூலகங்களும் நிவாரண அமைப்புகளும் விக்கிப்பீடியாவும் குடியேறி, அதற்கு ஒரு குணம் வந்துவிட்டது. 2003 முதல் அதை நடத்துவது இன்டர்நெட் சொசைட்டி உருவாக்கிய, லாப நோக்கமற்ற ஓர் அமைப்பு.

2019 ஜூனில் .ஆர்க் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது விலை உச்சவரம்பு நீக்கப்பட்டது. அதுவரை ஆண்டுக்கு 10 சதவிகிதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது என்று இருந்தது. பொதுமக்கள் கருத்தாக 3000-க்கும் மேல் வந்தன, ஏறக்குறைய எல்லாமே எதிர்ப்பு. வரம்பு நீங்கியது நீங்கியதுதான். நவம்பர் 13-ல் அடுத்த செய்தி: அந்த அமைப்பையே ஈதோஸ் கேபிடல் என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு இன்டர்நெட் சொசைட்டி விற்கிறது, விலை 113.5 கோடி டாலர். நான் பார்த்துக்கொள்ளும் ஒரு சிறு நூலகத் தளமும் .ஆர்க்-தான். ஆண்டு வருமானம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லாத நூலகம். அந்த டிசம்பரில், அனுமதிக்கப்பட்ட உச்ச அளவான 10 ஆண்டுக்கும் சேர்த்து ஒரே தடவையில் புதுப்பித்தேன். பெயரை மாற்ற முடியாது, பாருங்க. பத்து வருஷமாகப் புத்தகங்களின் பின்னட்டையிலும் ரப்பர் ஸ்டாம்பிலும் அந்த முகவரிதான் இருக்கிறது. டொமைனுக்கு விலை ஏறும்போது வேறு கடைக்குப் போகலாம் என்பது பொருளாதாரப் பாடத்தில் மட்டும்தான்.

2020 ஏப்ரல் 30-ல் ஐகேன் சம்மதம் மறுத்தது. விற்பனை நின்றது. அப்போது பலரும் ‘போஸ்டலின் ஆவி ஜெயித்தது’ என்கிற தொனியில் எழுதினார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஐகேன் தடுக்க முடிந்தது 1591-ல் டிரஸ்டி என்று எழுதியிருந்ததால் அல்ல. நிறுவனத்தின் கட்டுப்பாடு கைமாறினால் எங்கள் சம்மதம் வேண்டும் என்று ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து இருந்ததால். அந்த ஷரத்தைப் பயன்படுத்தும் தைரியமும் தானாக வந்துவிடவில்லை. ஏப்ரல் 15-ல் கலிபோர்னியா அரசின் தலைமை வழக்கறிஞர் இதை நிராகரியுங்கள் என்று கடிதம் எழுதினார். ஐகேன் அந்த மாநிலத்தில் பதிவான அறநிறுவனம் என்பதால் அவருக்குக் கேட்கும் அதிகாரம் உண்டு. முடிவுக்கு ஐகேன் சொன்ன காரணங்களில் ஒன்று, வாங்குகிறவர்கள் அந்த அமைப்பின் தலையில் 36 கோடி டாலர் கடனை ஏற்றப்போகிறார்கள் என்பது. அறநிலையத் துறை ஒன்று வந்து கேட்டபிறகுதான் அறங்காவலர் என்ற சொல்லுக்கு அர்த்தம் கிடைத்தது. அதுவும் கலிபோர்னியாவின் அறநிலையத் துறை. உலகச் சமூகத்துக்கான டிரஸ்டியை ஒரு மாநில அதிகாரி காப்பாற்றினார் என்பதில் மகிழ்ச்சியடையவும் முடிகிறது, சங்கடப்படவும் முடிகிறது.

இவ்வளவு குறை சொன்னாலும், தீர்ப்பு சொல்ல மறுக்கும் அந்தக் குணத்தை முழுக்கக் குறையாகத் தள்ளிவிட முடியாது. நாலாம் பகுதியில் ஒரு வரி: எது நாடு, எது நாடில்லை என்று முடிவு செய்வது ஐயானாவின் வேலை அல்ல. ஐஎஸ்ஓ 3166 என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் யார் இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது, அதைத் தெரிந்தேதான் நாங்கள் அந்தப் பட்டியலை எடுத்தோம் என்கிறார். சாமர்த்தியம் என்றால் இதுதான். இலங்கையில் பிறந்தவர்களுக்கோ தைவான்காரர்களுக்கோ பாலஸ்தீனர்களுக்கோ, ‘எது நாடு’ என்ற கேள்வி எவ்வளவு ரத்தம் கேட்கும் என்று விளக்க வேண்டியதில்லை. அந்தக் கேள்வியை ஒரு பொறியாளரின் மேசையிலிருந்து நகர்த்தி வைத்தது இணையத்துக்குச் செய்த பேருதவி.

2022 பிப்ரவரி 28-ல் உக்ரைன் அரசு ஐகேனுக்குக் கடிதம் எழுதியது: .ஆர்யூ உள்ளிட்ட ரஷ்யாவின் பெயர்களை நீக்குங்கள், ரஷ்யாவில் இருக்கும் ரூட் சர்வர்களை நிறுத்துங்கள். தலைமீது குண்டு விழும் நாட்டின் கோரிக்கை. அதன் நியாயம் யாருக்கும் புரியும். மார்ச் 2-ல் ஐகேன் முடியாது என்றது. நான் அந்த முடிவின் பக்கம்தான். ஒருமுறை அந்தக் கோப்பைத் தண்டனைக் கருவியாக்கிவிட்டால், அடுத்த முறை கேட்பவர் உக்ரைனாக இருக்க மாட்டார், பலமுள்ளவராக இருப்பார்.

ஆனால் பட்டியலில் ஒரு நாடு நுழைவதைப் பற்றி யோசித்த போஸ்டல், வெளியேறுவதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. அதுவும் 1994-ல்! சோவியத் யூனியன் இல்லாமல்போய் இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது, யூகோஸ்லாவியா கண்முன்னே உடைந்துகொண்டிருந்தது. .யூகோஸ்லாவியாவின் .ஒய்யூ 2010-ல்தான் ரூட் கோப்பிலிருந்து நீங்கியது. சோவியத்தின் .எஸ்யூ நாடு போய் முப்பது ஆண்டு கழிந்தும் அதில் நின்றது. கடைசியில் 2022-ல் ஐகேன் இதற்கு ஒரு கொள்கையை ஏற்றது: ஐஎஸ்ஓ பட்டியலிலிருந்து குறியீடு நீங்கினால் பொதுவாக 5 ஆண்டு அவகாசம், நீட்டித்தால் அதிகபட்சம் 10. இதற்கு ஆன காலம் 28 வருஷம்.

இது பழங்கதை இல்லை. சாகோஸ் தீவுகளை மொரீஷியஸுக்கு ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் 2025 மே மாதம் பிரிட்டன் கையெழுத்திட்டது முதல், என் துறை நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி .ஐஓ பற்றித்தான். அந்தத் தீவுகளின் குறியீடு அது. ஆனால் அதை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் அந்தத் தீவுகளை வரைபடத்தில்கூடப் பார்த்திராத மென்பொருள் நிறுவனங்கள். அங்கிருந்து 1960-களிலும் 70-களிலும் வெளியேற்றப்பட்ட சாகோஸ் மக்கள், 1591 சொல்லும் அக்கறையுள்ள தரப்பா என்று இந்த நண்பர்களில் ஒருவரும் இதுவரை கேட்டதில்லை. பெயரை மாற்ற வேண்டியிருக்குமா என்று மட்டும் கேட்கிறார்கள். ஐஎஸ்ஓ பட்டியலைப் பார்த்துக்கொண்டிருங்கள் என்று சொல்கிறேன். போஸ்டல் கைகாட்டிய அதே பட்டியல்தான்.